வீட்டுக்குள் வளரும் மலைப்பாம்பு

அமெரிக்காவில் ஊர்வனவற்றை விற்கும் கண்காட்சிகளில், மூடியில் துளையிட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களை மேசை மேல் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாம்புக்குட்டி. பர்மிய மலைப்பாம்பும் பல ஆண்டுகள் அப்படித்தான் விற்பனையானது. முட்டையை விட்டு வந்து சில வாரமே ஆன குட்டி அரை மீட்டருக்குச் சற்று கூடுதலான நீளம் இருக்கும். கையில் எடுத்தால் விரல்களுக்கு இடையே சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடலில் பெரிய பெரிய கரும்பழுப்புத் திட்டுகள். விஷம் கிடையாது. விலையும் அதிகமில்லை. இதை விரும்பி வாங்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அழகு உண்மையானது, அந்தச் சாதுவான குணமும் உண்மையானதுதான்.

நன்றாகத் தீனி கிடைத்தால் அந்தக் குட்டி முதல் வருடத்திலேயே இரண்டு மீட்டரை நெருங்கும். மூன்று நான்கு வருடங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெண் பாம்பு நான்கு மீட்டரைத் தாண்டுவது சாதாரணம், ஐந்து மீட்டர் அபூர்வமல்ல. எடை ஒரு வளர்ந்த மனிதனின் எடைக்குச் சமமாகலாம். அமெரிக்காவில் ஒரு காட்சிக்கூடத்தில் வளர்க்கப்பட்ட 'பேபி' என்ற பர்மிய மலைப்பாம்பு 180 கிலோவுக்கு மேல் இருந்தது. ஆயுளோ இருபது வருடத்துக்கும் அதிகம். மகள் பிறந்த வருடம் வாங்கிய பாம்பு, அவள் கல்லூரிப் படிப்பை முடிக்கும்போதும் அதே வீட்டில் இருக்கும். அதற்குள் வாங்கியவருக்கு வேலை மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், திருமணம் முறிந்திருக்கலாம், முதுகு வலி வந்திருக்கலாம். குட்டியை வாங்கும் நாளில் இவை எதுவும் கணக்கில் வருவதில்லை. பெரிய பாம்பு வளர்ப்பின் ஆபத்துகள் பலவும் இந்த விடுபட்ட கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

மலைப்பாம்பின் உடல் பட்டினிக்காகவே அமைந்த உடல். காட்டில் அது மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் கிடக்கும். பிறகு ஒரே வேளையில் தன் எடையில் பாதிக்கு நிகரான இரையைக்கூட விழுங்கும். அப்போது அதற்குள் நடப்பதை ஸ்டீபன் செகோர், ஜாரெட் டயமண்ட் ஆகியோர் 1990களில் விரிவாக ஆராய்ந்தார்கள். இரை உள்ளே போனதும் குடலும் ஈரலும் சிறுநீரகமும் பருக்கத் தொடங்குகின்றன. ஓய்வு நிலையில் இருந்த வளர்சிதை மாற்ற வேகம் நாற்பது மடங்குக்கும் மேல் ஏறுகிறது. இரண்டே நாளில் இதயத்தின் எடை சுமார் 40 சதவீதம் கூடுகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செரிமானம் முடிந்ததும் எல்லா உறுப்புகளும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். நம் இதயம் அவ்வளவு வேகத்தில் பெருத்தால் மருத்துவர்கள் பதறிவிடுவார்கள். இந்தப் பாம்புக்கு அது மதிய உணவுக்குப் பிந்தைய சாதாரண வேலை.

உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் இது ஒன்று. ஆனால் பாம்பை வீட்டில் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டினி கிடக்கும் நாய் குரைக்கும், பூனை காலைச் சுற்றும். பட்டினி கிடக்கும் பாம்பு சும்மா கிடக்கும். தின்ற பாம்பும் சும்மாதான் கிடக்கும். கவனம் குறைந்த வீட்டில் வாரங்கள் மாதங்களாவது யாருக்கும் தெரியாது. வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் அதன் பசி ஏறிக்கொண்டே போகும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பாசத்தால் வாராவாரம் முயலைப் போட்டுக் கொழுக்க வைத்து, ஈரலில் கொழுப்பு படிந்து பாம்பு சீக்கிரமே சாகும்படி செய்பவர்களும் இருக்கிறார்கள்.

தீனி போடும் நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உறைபெட்டியில் இருந்த செத்த எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து, கூண்டின் கதவைத் திறக்கிறார் வளர்ப்பவர். உயிருள்ள எலியைப் போடாததற்குக் காரணம் உண்டு. பசியில்லாத நேரத்தில் போட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். கதவு திறந்ததும் பாம்பின் நாக்கு அடிக்கடி வெளியே வரத் தொடங்குகிறது. நாக்கு அள்ளிவரும் மணத்துகள்களை வாயின் மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு ஆராய்கிறது. உதட்டு ஓரச் செதில்களில் வரிசையாக இருக்கும் குழிகள் வெப்பத்தை உணர்கின்றன. எலி எங்கே என்பதைக் கண்ணை நம்பாமல் சூட்டை வைத்தே அது கண்டுகொள்ளும். தலை அசைவற்று நிற்கிறது. கழுத்து மெல்லப் பின்னுக்கு இழுபட்டு வளைகிறது. பிறகு பாய்ச்சல். அதற்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

இப்போது இடுக்கி இல்லாமல் கையை வைத்துப் பாருங்கள். கையில் எலி வாடை ஒட்டியிருக்கிறது. கையும் சூடாகத்தான் இருக்கிறது. பாம்பின் கணக்கில் அந்தக் கை இரைதான். அதில் கோபமும் இல்லை, துரோகமும் இல்லை. "பத்து வருஷமா வளர்க்கிறேன், என்னை அதுக்குத் தெரியும்" என்று பலர் சொல்வார்கள். தன்னை அடிக்கடி தொடும் மனிதர்களின் வாடைக்குப் பாம்பு பழகும், பதற்றம் குறையும் என்பது சரி. ஆனால் இரை தேடும் நிலைக்குப் போன பாம்பு அந்தப் பழக்கத்தைப் பார்ப்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் அதனால்தான் தீனி இல்லாத நாளில் கூண்டைத் திறந்ததும் முதலில் ஒரு கொக்கியால் பாம்பின் உடலை மெல்லத் தொடுவார்கள். கொக்கி பட்டால் இன்று சாப்பாடு இல்லை என்பது நாளடைவில் அதற்குப் பழகிவிடும்.

பாய்ந்து பிடித்தபின் நடப்பதைப் பற்றி நெடுநாளாக ஒரு கருத்து இருந்தது. மலைப்பாம்பு இரையின் மூச்சை நிறுத்திக் கொல்கிறது, இரை மூச்சை வெளிவிடும்போதெல்லாம் பிடி இன்னும் இறுகுகிறது என்பார்கள். பென்சில்வேனியாவில் உள்ள டிக்கின்சன் கல்லூரியின் ஸ்காட் போபேக்கும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். செத்த எலிகளுக்குள் துடிக்கும் செயற்கை இதயத்தை வைத்து போவா பாம்புகளுக்குக் கொடுத்தபோது, துடிப்பு இருக்கும்வரை பாம்புகள் கூடுதல் நேரம் கூடுதல் பலத்தோடு இறுக்கின. துடிப்பு நின்றதும் பிடி தளர்ந்தது. இரையின் நெஞ்சுத் துடிப்பைப் பாம்பு தன் உடலாலேயே கேட்கிறது என்பது 2012-இல் இப்படித் தெரியவந்தது. 2015-இல் மயக்க மருந்து கொடுத்த எலிகளின் இரத்தக் குழாய்களில் அளவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். இறுக்கத் தொடங்கி ஆறே விநாடியில் தமனியின் இரத்த அழுத்தம் பாதியாக விழுந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை, கழுத்து முதல் இடுப்பு வரை ஒரே நேரத்தில் இறுகினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போவது நின்றுவிடுகிறது. மூச்சு முட்டுவதற்கு முன்பே நினைவு போய்விடும்.

மனிதர்கள் இறந்த சம்பவங்களில் மூச்சுத் திணறலே காரணம் என்று பதிவானது உண்டு. எப்படியானாலும் உதவிக்கு ஆள் வரக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பெரிய பாம்பைத் தனியாகக் கையாளக் கூடாது என்று வளர்ப்பாளர்களே வலியுறுத்துவது இதனால்தான். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆள் என்பது அவர்களிடையே உள்ள கணக்கு. நான்கு மீட்டர் பாம்புக்கு மூன்று பேர் வேண்டும். சுற்றிக்கொண்டால் தலையைப் பிடித்து இழுப்பதில் பயனில்லை. பின்னோக்கி வளைந்த பற்கள் இழுக்க இழுக்கச் சதையைக் கிழிக்கும். வால் நுனியைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். மாட்டிக்கொண்டவருக்கே அதைச் செய்ய வலு இருக்காது, பக்கத்தில் நிற்பவர்தான் செய்ய வேண்டும்.

2009 ஜூலையில் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தன் படுக்கையிலேயே வளர்ப்பு மலைப்பாம்பால் இறந்தது. இரண்டரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான பர்மிய மலைப்பாம்பு. பூதாகரமானதல்ல. அந்தக் கண்ணாடித் தொட்டிக்குப் பூட்டும் மூடி இல்லை, மேலே ஒரு போர்வைதான் கிடந்தது. அன்றிரவே ஒருமுறை வெளியே வந்த பாம்பைப் பிடித்துத் திரும்ப உள்ளே வைத்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதமாக அதற்குத் தீனியும் இல்லை. குழந்தையின் தாய்க்கும் அவருடைய துணைவருக்கும் 2011-இல் நீதிமன்றம் 12 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலம் கேம்பல்டன் நகரில், ஊர்வனக் கடைக்கு மேலே இருந்த குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களை ஓர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு கொன்றது. கூண்டின் மேலே இருந்த காற்றுக் குழாயின் மூடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அந்த வழியாக அது வெளியே வந்திருந்தது.

இந்தச் சம்பவங்களை எழுதும்போது கை தயங்குகிறது. இப்படிப்பட்ட மரணங்கள் அபூர்வமானவை. நாய்க்கடியால் இறப்பவர்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை மிகக் குறைவு என்று பாம்பு வளர்ப்போர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அதை ஒரு பதிலாக என்னால் ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன இரண்டு வீடுகளிலும் குழந்தைகளுக்கும் பாம்புக்கும் நடுவே நின்றிருக்க வேண்டியது ஒரு சரியான மூடி. அது இல்லை. பாம்பு அரை மீட்டராக இருந்தபோது போதுமாயிருந்த ஏற்பாடு, அது வளர்ந்தபிறகும் அப்படியே தொடர்வதுதான் ஆபத்து. தலை நுழையும் இடத்தில் உடல் முழுவதும் நுழையும். மூடியை முதுகால் தள்ளித் தூக்கும் பலம் அதற்கு உண்டு. இரவு முழுவதும் அவசரமில்லாமல் முயலும் பொறுமையும் உண்டு.

பொறுப்போடு வளர்ப்பது என்றால் ஒரு தனி அறை வேண்டும். பாம்பு உடலை நீட்டிப் படுக்கவும், முழுதாக மூழ்கும் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் இடம் வேண்டும். ஒரு பக்கம் 32 டிகிரி சூடும் மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியும் இரவும் பகலும் இருக்க வேண்டும். வெப்ப விளக்குக்குக் கம்பிவலை போடாவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்து போகும். தோல் கருகும்வரை விலகாத பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். கூண்டுக்கு ஒரு பூட்டு, அறைக்கு இன்னொரு பூட்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வனவே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது சால்மொனெல்லா கிருமிக்காக. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பாம்பின் கழிவிலும் அது இருக்கும். வளர்ப்பவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் பாம்பைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அக்கம்பக்கத்தார் அந்தப் பதிலாக இருக்க மாட்டார்கள்.

இத்தனையும் கைமீறிப் போனபோது ஃபுளோரிடாவில் பலர் தேர்ந்தெடுத்த வழி சுலபமானது. காரில் ஏற்றிக்கொண்டு போய் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் ஓரத்தில் விட்டுவிட்டார்கள். கொல்ல மனம் வராமல் அப்படிச் செய்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். 1996 முதல் 2006 வரை மட்டும் 90,000-க்கும் அதிகமான பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாயின. 1992-இல் வீசிய ஆண்ட்ரூ புயல் பாம்புப் பண்ணையை உடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. புயலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் எவர்கிளேட்ஸில் முதல் பர்மிய மலைப்பாம்பு பதிவானது 1979-இல்.

அங்கே அவற்றுக்குச் சூடு, தண்ணீர், இரை எல்லாம் இருந்தன. வளர்ந்த பாம்புகளைக் கட்டுப்படுத்தும் எதிரி மட்டும் இல்லை. 2012-இல் மைக்கேல் டார்காஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இரவில் சாலையோரமாக வண்டியில் போய் எண்ணிய கணக்கின்படி, முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் ரக்கூன்கள் 99.3 சதவீதமும் ஒப்போசம்கள் 98.9 சதவீதமும் குறைந்துவிட்டன. சதுப்பு முயல்களைக் காணவே இல்லை. பின்னர் முயல்களைக் கழுத்தில் கருவி கட்டி எவர்கிளேட்ஸ் பூங்காவுக்குள் விட்டுப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவற்றில் 77 சதவீதத்தை மலைப்பாம்புகளே தின்றிருந்தன. பர்மிய மலைப்பாம்பு தன்னோடு கொண்டுவந்த ஒரு நுரையீரல் ஒட்டுண்ணி இப்போது ஃபுளோரிடாவின் உள்ளூர்ப் பாம்புகளுக்கும் பரவி அவற்றைக் கொல்கிறது. 2022-இல் தென்மேற்கு ஃபுளோரிடா பாதுகாப்பு அமைப்பினர் காட்டிய ஒரு பெண் பாம்பின் எடை 97.5 கிலோ. அதன் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்த முட்டைகள் 122.

இவற்றைப் பிடிப்பதில் உள்ள கஷ்டம், கண்ணெதிரே கிடந்தாலும் தெரியாத அந்த உடல்வண்ணம். 2016-இல் நடந்த மலைப்பாம்பு வேட்டைப் போட்டியில் ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். மறுவருடம் ஜனவரியில், ஃபுளோரிடா வனவிலங்கு ஆணையமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியைச் சேர்ந்த இருவரை வரவழைத்தன. அவர்கள் ஒருபோதும் பார்த்திராத நிலம் அது. முன்பின் தெரியாத புல்வெளியில் எச்சத்தையும் சட்டையையும் மண்ணில் இழைந்த தடத்தையும் பார்த்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாடுகளுக்குள் இருந்து ஒரே இடத்தில் நான்கு. அதில் ஒன்று ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளப் பெண் பாம்பு. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஆனால் யாரோ வாங்கி யாரோ கைவிட்ட பாம்புகளுக்காக அவர்கள் பூமியின் மறுபக்கம் வரை போக வேண்டியிருந்ததே என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. 2000-க்குப் பிறகு 20,000-க்கும் அதிகமான மலைப்பாம்புகள் அங்கே அகற்றப்பட்டிருக்கின்றன. முழுவதுமாக ஒழிக்க முடியும் என்று அங்குள்ள ஆய்வாளர்களே இப்போது சொல்வதில்லை.

சட்டம் தாமதமாக வந்தது. பர்மிய மலைப்பாம்பு உட்பட நான்கு பெரும்பாம்பு இனங்களின் இறக்குமதியை அமெரிக்க அரசு 2012-இல் தடைசெய்தது. 2015-இல் ராஜ மலைப்பாம்பும் பச்சை அனகோண்டாவும் பட்டியலில் சேர்ந்தன. ஃபுளோரிடா 2021-இல் இவற்றை வீட்டில் புதிதாக வளர்ப்பதையே நிறுத்தியது. இவற்றைவிட எனக்கு உபயோகமானதாகத் தோன்றுவது அம்மாநிலம் 2006 முதல் நடத்தும் ஒப்படைப்பு நாள். முடியாதவர்கள் தங்கள் பிராணியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். கட்டணமில்லை, விசாரணையில்லை, தண்டனையில்லை. முன்கூட்டியே தகுதி பார்த்துப் பதிவு செய்யப்பட்ட வளர்ப்பாளர்களிடம் அவை போகும். அவமானமில்லாமல் விட்டுவிட ஒரு வாசல் இருந்தால், சதுப்புநிலத்துக்குக் காரை ஓட்டுபவர்கள் குறைவார்கள்.

இந்தியாவில் நம்முடைய மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வெளிநாட்டு இனங்கள் விஷயத்தில் நெடுநாள் ஓர் இடைவெளி இருந்தது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் வந்த விதிகளின்படி, காட்டுயிர் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வரும் அயல் உயிரினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஆனால் சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் பாம்புகள் வருவது நின்றபாடில்லை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அடிக்கடி பிடிபடுவது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டி வளராத அது ஆளைக் கொல்லும் பாம்பல்ல. என் கவலை வேறு. துணிப்பையில் முடிச்சுப்போட்டு வரும் பாம்புக்கு நோய்ப் பரிசோதனை கிடையாது. அதனிடம் உள்ள கிருமியும் ஒட்டுண்ணியும் நம் காட்டுப் பாம்புகளுக்குப் புதியவை. சிறியதைக் கடத்தும் பாதையில் பெரியதையும் கடத்தலாம். தென்கிழக்காசியப் பாம்புக்கு ஃபுளோரிடா பிடித்துப்போனது என்றால், நம் ஏரிக்கரைகளும் முட்புதர்க் காடுகளும் அதற்கு வசதியாக இருக்கலாம்.

2018-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தினர் ஃபுளோரிடாவில் பிடித்த சுமார் 400 பாம்புகளின் மரபணுவைப் பார்த்தபோது, 13 பாம்புகளில் இந்திய மலைப்பாம்பின் அடையாளம் இருந்தது. வளர்ப்புச் சந்தையிலோ அதற்குப் பிறகோ இரண்டு இனங்களும் கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பு இங்கே திரும்பி வந்தால், நம் மலைப்பாம்புகளிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எந்த இருளராலும் முடியாது.

பெரிய மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பதற்கு நான் எதிரி. பாம்பு பிடிக்காததால் அல்ல, பிடிப்பதால் சொல்கிறேன். ஐந்து மீட்டர் உடலையும் இருபது வருடத்தையும் ஒரு வாடகை வீட்டுக்குள் நேர்மையாக அடக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றிரவு மூடியையும் பூட்டையும் காற்றுப் போகும் துளைகளையும் ஒருமுறை கையால் தள்ளிப் பார்க்கட்டும். இனி முடியாது என்று தோன்றினால் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். உயிரியல் பூங்காக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாது, இடம் கிடைக்க மாதங்களாகலாம். அதுவரை வாரத்துக்கொரு முறை எடை பார்த்து, தீனி போட்ட தேதியைக் கூண்டின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள். குழந்தைகள் தூங்கும் அறைக்கும் பாம்பு இருக்கும் அறைக்கும் நடுவே இரண்டு பூட்டிய கதவுகள் இருக்கட்டும். ஏரிக்கரைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.